அநியாயத்துக்கு எத்தனை முகங்கள்?

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வின் திருப்பெயர் கூறித் துவங்குகிறேன். புகழ் யாவும் அவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரண்டாவது குத்பாவின் முடிவில் ஓதப்படும் ஆயத் ஒன்று உண்டு. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 90-வது வசனம் அது. சிறு வயது முதல் கேட்டுக் கேட்டு, "இனி இகாமத் சொல்லப் போகிறார்கள், எழுந்து நிற்கலாம்" என்பதற்கான அடையாளமாகவே அது நமக்குப் பழகிவிட்டது. ஆனால் அந்த ஒரே வசனத்தில் அல்லாஹ் மூன்றை ஏவுகிறான், மூன்றைத் தடுக்கிறான். நீதியையும், நீதிக்கும் மேலான உபகாரத்தையும், உறவினருக்கு வழங்குவதையும் ஏவுகிறான். மானக்கேடானதையும், வெறுக்கத்தக்கதையும், 'பக்யு' என்பதையும் தடுக்கிறான்.

முந்திய ஆட்சியாளர்கள் காலத்தில் மிம்பரிலேயே ஹள்ரத் அலீ (ரலி) அவர்களை ஏசும் வழக்கம் இருந்தது. கலீஃபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அதை நிறுத்தி, அந்த இடத்தில் இந்த ஆயத்தை ஓதச் செய்தார்கள் என்று வரலாற்று அறிஞர்கள் எழுதுகிறார்கள். மிம்பரில் நடந்துகொண்டிருந்த ஓர் அநியாயத்தை நீக்கிவிட்டு அங்கே வைக்கப்பட்ட வசனம் இது. அதைக் கேட்டுக்கொண்டே நாம் செருப்பைத் தேடினால் அதுவும் நியாயமில்லை.

இன்று இந்த 'நியாயமில்லாத்தனம்' என்பதைத்தான் கொஞ்சம் விரித்துப் பார்க்கப் போகிறோம்.

நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்

நம் பேச்சில் 'அநியாயம்' எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. தக்காளி விலை ஏறினால் அநியாய விலை. இளம் வயதில் ஒருவர் இறந்தால் அநியாயமாய்ப் போய்விட்டார். ஒருவர் மிகவும் இளகிய மனதுக்காரராக இருந்தால் அநியாயத்துக்கு நல்லவர்! இப்படி எங்கும் போட்டுப் போட்டு அந்தச் சொல்லின் கனம் குறைந்துவிட்டது. யாராவது நம்மைப் பார்த்து "நீங்க செய்யறது அநியாயம் பாய்" என்றால் நமக்கு உறைப்பதில்லை. அடுத்தவர் செய்வதுதான் அநியாயம், நாம் செய்வது வியாபாரம் என்று நினைக்கிறோம்.

குர்ஆனும் ஹதீஸும் இதற்கு ஒரே சொல்லை வைத்து விடவில்லை. ளுல்மு, தத்ஃபீஃப், பக்ஸு, மத்லு, ஜவ்ரு, பக்யு என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஒவ்வொரு பெயர் இருக்கிறது. நோய்க்குப் பெயர் தெரிந்தால்தான் மருந்து தேட முடியும்.

நம் ஊர் ஆரணி. பட்டு என்றால் இந்த ஊர்ப் பெயரும் சேர்ந்து வரும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நம்மில் தறியில் உட்காருபவர் உண்டு, பட்டுக் கடையில் நிற்பவர் உண்டு, சேலை வாங்கி வெளியூருக்கு அனுப்புபவர் உண்டு. வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் பட்டு எடுப்பதில் எல்லோருமே உண்டு. ஆணுக்குப் பட்டு அணிவது கூடாது, பெண்ணுக்கு ஆகும். ஆகவே பட்டு நெய்வதும் விற்பதும் ஹலாலான தொழில். ஆனால் ஹலாலான தொழிலுக்குள் ஹராம் நுழைகிற கதவு ஒன்று இருக்கிறது. கொடுக்கல் வாங்கலில் நியாயம் தவறுவதுதான் அந்தக் கதவு. அதனால் உதாரணங்களைத் தூரத்தில் தேடாமல் தறியிலிருந்தே எடுத்துக்கொள்வோம்.

1. ளுல்மு: இடம் மாற்றி வைப்பது

மொழி அறிஞர்கள் ளுல்முக்குச் சொல்லும் விளக்கம் எளிமையானது. ஒரு பொருளை அதற்கு உரியதல்லாத இடத்தில் வைப்பது. அடிப்பது, பறிப்பது மட்டும் ளுல்மு அல்ல. ஒருவருக்குச் சேர வேண்டியது அவரிடம் சேராமல் வேறு எங்கே இருந்தாலும் அது ளுல்மு.

ஈமானுடன் ளுல்மைக் கலக்காதவர்களுக்கே அச்சமற்ற நிலை உண்டு என்ற கருத்தில் அல்அன்ஆம் 82-வது வசனம் இறங்கியபோது ஸஹாபாக்கள் கலங்கிப் போனார்கள். நம்மில் யார்தான் ளுல்மு செய்யாதவர் என்று கேட்டார்கள். அதற்கு நபி (ஸல்) அவர்கள், லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன உபதேசத்தை நினைவூட்டி, இங்கே சொல்லப்படுவது இணைவைப்பு என்று தெளிவுபடுத்தினார்கள் (புகாரி, முஸ்லிம்). ஏன் ஷிர்க் மிகப்பெரிய ளுல்மு? அல்லாஹ்வுக்கு மட்டுமே உரிய வணக்கத்தைக் கொண்டுபோய் வேறிடத்தில் வைப்பதால்.

இந்த ஹதீஸில் இன்னொன்றையும் கவனியுங்கள். ளுல்மு என்ற சொல் காதில் விழுந்ததும் ஸஹாபாக்களுக்கு முதலில் தங்களைப் பற்றித்தான் பயம் வந்தது. நமக்கோ அந்தச் சொல்லைக் கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரர் முகம்தான் ஞாபகம் வருகிறது.

2. தத்ஃபீஃப்: இரண்டு தராசு

அல்லாஹ் ஒரு அத்தியாயத்துக்கே இந்தப் பெயரை வைத்திருக்கிறான்: அல்முதஃப்ஃபிஃபீன். வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடுதான் என்று அந்த அத்தியாயம் துவங்குகிறது (83:1-3).

இதைத் தராசுக்கல்லுக்கு மட்டும் உரியதாக நினைத்துவிடக் கூடாது. தன்னிடம் வரும்போது ஒரு அளவு, தன்னிடமிருந்து போகும்போது இன்னொரு அளவு. இதுதான் நோய். பட்டுத் தொழிலில் நூலையும் சரிகையையும் எடை போட்டுத் தறிக்குக் கொடுப்பார்கள். சேலையாக வரும்போது மறுபடி எடை பார்ப்பார்கள். இது நியாயமான ஏற்பாடு. ஆனால் கொடுக்கும்போது ஈரப்பதத்தோடு எடை போட்டு, வாங்கும்போது காய்ந்த சேலையை வைத்து "நூல் குறைகிறது" என்று கூலியில் பிடித்தால் அது தத்ஃபீஃப். அதேபோல் முதலாளி நம்பிக் கொடுத்த நூலில் கொஞ்சத்தை ஒதுக்கிவிட்டு, நெருக்கத்தைக் குறைத்து நெய்து கொடுத்தால் அதுவும் தத்ஃபீஃப். ஆயத் முதலாளிக்கு என்றோ தொழிலாளிக்கு என்றோ பிரித்து இறங்கவில்லை.

அறியாமையால் வரும் அநியாயமும் உண்டு. கச்சாப் பட்டில் இயற்கையாகவே ஒரு பசை இருக்கிறது. சாயம் போடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் காய்ச்சி அந்தப் பசையை நீக்குவார்கள். அப்போது ஏறக்குறைய கால் பங்கு எடை குறைந்துவிடும். இது தெரியாத ஒருவர் புதிதாகத் தொழிலுக்கு வந்து, "ஒரு கிலோ கொடுத்தேன், முக்கால் கிலோதானே வருகிறது" என்று சாயக்காரரைத் திருடன் என்றால்? அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு முஸ்லிமின், ஒரு மனிதனின் மானத்தில் கை வைத்துவிட்டார். தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்வதும் நியாயமில்லாத்தனத்தின் ஒரு முகம். அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம். செவி, பார்வை, உள்ளம் எல்லாமே விசாரிக்கப்படும் என்று அல்லாஹ் எச்சரிப்பது இதற்காகத்தான் (17:36).

3. பக்ஸு: அடுத்தவர் பொருளை மட்டம் தட்டுவது

மத்யன்வாசிகளுக்கு அனுப்பப்பட்ட ஷுஐப் (அலை) அவர்களின் அழைப்பில் தவ்ஹீதுக்கு அடுத்தபடியாக வருவது வியாபார ஒழுக்கம். அளவையையும் நிறுவையையும் நிறைவாக்குங்கள் என்று சொன்னதோடு அவர்கள் நிறுத்தவில்லை. மக்களுக்கு அவர்களுடைய பொருள்களைக் குறைத்துவிடாதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்கள் (7:85, 11:85, 26:183). இந்த மூன்று இடத்திலும் வருவது பக்ஸு என்ற வேர்ச்சொல். எடையில் குறைப்பது மட்டுமல்லாமல், மதிப்பில் குறைப்பதும் இதில் அடங்கும் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள்.

குழித்தறியில் ஒரு பட்டுச் சேலை இறங்க எத்தனை நாள் ஆகும், எத்தனை கை படும் என்று யோசித்துப் பாருங்கள். பாவு ஓட்ட வேண்டும், பிணைக்க வேண்டும், அச்சில் ஏற்ற வேண்டும். கணவர் தறியில் இருந்தால் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றுவார். கூலி பேசும்போது மட்டும் ஒரு ஆளின் வேலையாகப் பேசுகிறோம். அந்தப் பெண்ணின் உழைப்பு யார் கணக்கிலும் வருவதில்லை. அதுவும் பக்ஸுதான்.

வாங்கும்போது "இதென்ன டிசைன், இதையெல்லாம் யார் எடுப்பாங்க" என்று உதட்டைப் பிதுக்கி விலையை அடித்து வாங்கிவிட்டு, அதே சேலையைக் கடையில் விரிக்கும்போது "இந்த மாதிரி வேலைப்பாடு இனி கிடைக்காதும்மா" என்கிறோமே, அந்த இரண்டு வாக்கியத்தில் ஒன்று பொய். எது பொய் என்று நமக்கே தெரியும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. விசைத்தறியில் வந்த சேலையைக் கைத்தறி என்று விற்பது, செயற்கை இழை கலந்ததைச் சுத்தப் பட்டு என்று விற்பது. குறிப்பிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சுத்தமான பட்டுக்கு அடையாளமாக 2004 முதல் சில்க் மார்க் முத்திரையும் இருக்கிறது. அந்த முத்திரை இது பட்டு என்றுதான் சொல்லும். கையால் நெய்தது என்று சொல்லாது. அந்த வித்தியாசம் வாடிக்கையாளருக்குத் தெரியாது என்பதை வைத்துப் பிழைப்பவர், மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலின் ஈரத்தை அடியில் மறைத்து வைத்தவரின் வழியில் நடக்கிறார். குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றே சொல்லிவிட்டார்கள் (முஸ்லிம்).

மத்யன் மக்கள் என்ன பதில் சொன்னார்கள் தெரியுமா? எங்கள் செல்வத்தை நாங்கள் விரும்பியபடி கையாள்வதைக் கூட உம்முடைய தொழுகை தடுக்கிறதா என்று ஷுஐப் (அலை) அவர்களிடம் கேலியாகக் கேட்டார்கள் (11:87). தொழுகை வேறு, தொழில் வேறு என்று இன்று சொல்பவர்கள் புதிதாக எதையும் சொல்லவில்லை. அழிந்துபோன ஒரு சமுதாயத்தின் வாதத்தைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள்.

4. மத்லு: நாளை வா, நாளை வா

வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது ளுல்மு என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). தொழிலாளியின் வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுத்துவிடும்படி கட்டளையிட்டார்கள் (இப்னு மாஜா). கியாமத் நாளில் மூன்று பேருக்கு எதிராக நானே வழக்காடுவேன் என்று அல்லாஹ் கூறுவதாக வரும் ஹதீஸ் குத்ஸியில், அந்த மூவரில் ஒருவர் ஆளை அமர்த்தி வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவர் (புகாரி). அந்த நீதிமன்றத்தில் தொழிலாளிக்கு வக்கீல் தேவையில்லை. நீதிபதியே அவர் பக்கம் நிற்கிறான்!

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாத் தாமதமும் ளுல்மு அல்ல. ஹதீஸில் 'வசதியுள்ளவர்' என்ற நிபந்தனை இருக்கிறது. பெரிய ஊர்களில் உள்ள கடைகள் தவணைக்குச் சரக்கெடுத்துப் பணத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால், இங்குள்ள சிறு உற்பத்தியாளர் தவிக்கிறார். 2020-இல் கொரோனா ஊரடங்கில் கல்யாணங்கள் தள்ளிப்போய்ச் சேலைகள் தேங்கியபோது முதலாளியும் முடங்கினார், தறியும் முடங்கியது. உண்மையிலேயே இயலாதவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன் (2:280). ஆனால் இயலாமையைச் சொல்லிக்கொண்டே மகன் கல்யாணத்துக்கு மூன்று நாள் பந்தி போடுபவர் இந்த ஆயத்தைத் தமக்குச் சாதகமாக எடுக்க முடியாது.

இதோடு சேர்ந்தது முன்பணம். தறிக்காரருக்கு அவசரத் தேவைக்கு முன்பணம் கொடுப்பது நல்ல காரியம். அல்லாஹ்வுக்காகக் கொடுத்தால் ஸதகாவின் நன்மையும் உண்டு. ஆனால் "என்னிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாய், அதனால் உனக்கு மற்றவர்களைவிடக் கூலி குறைவு" என்றால் அங்கே என்ன நடக்கிறது? கடன் கொடுத்ததற்காக ஒரு ஆதாயம் வாங்கப்படுகிறது. கடனோடு நிபந்தனையாக வரும் ஆதாயம் வட்டி என்பது ஃபுகஹாக்களின் பொதுவான முடிவு. பேங்க் வட்டிக்குப் பயந்து கும்பிடு போடும் நாம், தறியில் வாங்கும் இந்த வட்டியைக் கவனிப்பதில்லை. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறிடத்துக்கு வேலைக்குப் போக விடாமல் கட்டிப்போடுவதை நாட்டின் சட்டமும் 1976 முதல் கொத்தடிமை முறை என்று சொல்லிக் குற்றமாக்கி இருக்கிறது.

முன்பணம் வாங்கிவிட்டு அந்தத் தறியில் வேறொருவர் பாவை ஏற்றுபவரும், கடனைத் திருப்பும் எண்ணமே இல்லாமல் வாங்குபவரும் இதே தராசில்தான் நிறுக்கப்படுவார்கள்.

5. சக்திக்கு மீறிச் சுமத்துவது

எந்த ஆத்மாவுக்கும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சுமத்துவதில்லை (2:286). படைத்தவனே சுமத்தாதபோது நாம் சுமத்தலாமா? உங்கள் கீழ் இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள். அவர்களால் இயலாததைச் சுமத்தாதீர்கள். அப்படிச் சுமத்தினால் நீங்களும் கூடச் சேர்ந்து உதவுங்கள் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). அடிமை முறை இருந்த காலத்தில் சொன்ன வார்த்தை இது.

தீபாவளிச் சரக்குக்கு அவசரம் காட்டும் ஐப்பசி மாதம் வடகிழக்குப் பருவமழைக் காலமும்கூட. குழித்தறியில் ஈரம் ஏறினால் தறி ஓடாது. பாவு இழை இறுகும், அறும். குழியில் தண்ணீர் ஊறினால் கால் வைக்கவே முடியாது. இதைத் தெரிந்துகொண்டே, "எனக்கு அதெல்லாம் தெரியாது, வெள்ளிக்கிழமைக்குள் நாலு சேலை வரணும், இல்லாவிட்டால் கூலியில் பிடிப்பேன்" என்பவர் மழையோடு சண்டை போடுகிறார். ஆனால் அடி வாங்குவது நெசவாளர்.

கேட்பதற்கு உரிமை இருக்கும் இடத்திலும் எல்லை உண்டு. முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது ஜகாத் வசூலிக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், மக்களின் பொருள்களில் உயர்ந்தவற்றைப் பார்த்துப் பொறுக்கி எடுத்துவிட வேண்டாம் என்றும் எச்சரித்தார்கள். அடுத்த வார்த்தையாகவே, அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கு அஞ்சிக்கொள்ளுங்கள், அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்றார்கள் (புகாரி, முஸ்லிம்). அஹ்மதில் வரும் அறிவிப்பில், அவர் இறைமறுப்பாளராக இருந்தாலும் சரியே என்றும் வருகிறது. எனவே நம் தறிக்காரர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர், எந்தப் பள்ளிக்கு வருகிறவர் என்று பார்த்து நியாயம் மாறாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை கூட நீதி தவற உங்களைத் தூண்டிவிட வேண்டாம் என்கிறது குர்ஆன் (5:8).

6. வீம்பும் விதண்டாவாதமும்

நியாயமில்லாத்தனம் கையில் மட்டுமல்ல, நாக்கிலும் இருக்கிறது.

ஒரு பசுவை அறுக்கச் சொன்னபோது மூஸா (அலை) அவர்களின் சமூகத்தார் எத்தனை கேள்வி கேட்டார்கள்! வயதென்ன, நிறமென்ன, எப்படிப்பட்டது என்று கேட்கக் கேட்க அவர்களுக்கே காரியம் கஷ்டமானது (2:67-71). தெரிந்துகொள்ளக் கேட்பது வேறு; செய்யாமல் தப்பிக்கக் கேட்பது வேறு. நிகாஹ் செலவைக் குறைக்க ஜமாஅத்தில் பேச்செடுத்தால், முடிவு எடுக்கவிடாமல் பத்துக் கேள்வி கேட்பவர் நம்மிலும் உண்டு.

அல்லாஹ்விடம் மிகவும் வெறுப்புக்குரியவர் கடுமையாகச் சண்டை பிடித்து வாதாடுபவர் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் வருகிறது (புகாரி, முஸ்லிம்). பெருமை என்றால் என்ன என்பதற்கு நபி (ஸல்) அவர்கள் கொடுத்த விளக்கம்: உண்மையை ஏற்க மறுப்பதும், மக்களை இழிவாகக் கருதுவதும் (முஸ்லிம்). நல்ல சட்டை போடுவது பெருமையல்ல. எதிரில் இருப்பவர் சொல்வது சரி என்று தெரிந்த பிறகும், "இவன் சொல்லி நான் கேட்பதா" என்று நிற்பதுதான் பெருமை.

இதைவிட ஆபத்தானது வாய்ச்சாமர்த்தியம். நானும் மனிதன்தான், உங்களில் ஒருவர் மற்றவரைவிடத் திறமையாக வாதாடக்கூடும், நான் கேட்டதை வைத்துத் தீர்ப்பளிப்பேன், அப்படி அடுத்தவரின் உரிமை ஒருவருக்குக் கிடைத்துவிட்டால் நெருப்புத் துண்டைத்தான் அவருக்கு வெட்டிக் கொடுக்கிறேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). நபியவர்களே தீர்ப்புச் சொன்னாலும் ஹராம் ஹலாலாகாது என்றால், ஜமாஅத் பஞ்சாயத்தில் பேசி ஜெயித்ததும், கோர்ட்டில் பத்திரம் காட்டி ஜெயித்ததும் எப்படி ஹலாலாகும்?

7. பக்யு: கூட்டாளி மேல் ஏறி மிதிப்பது

இப்போது வெள்ளிக்கிழமை ஆயத்தின் கடைசிச் சொல்லுக்கு வருவோம். பக்யு என்றால் தன் எல்லையைத் தாண்டி அடுத்தவர் எல்லைக்குள் போவது. குர்ஆனில் இதற்கு ஒரு வழக்கு உதாரணமாகவே வருகிறது. தாவூத் (அலை) அவர்களிடம் இருவர் வருகிறார்கள். ஒருவரிடம் 99 ஆடுகள், மற்றவரிடம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லிப் பேச்சில் தன்னை மிகைத்துவிட்டார் என்று ஓர் ஆட்டுக்காரர் முறையிடுகிறார். அதைக் கேட்ட தாவூத் (அலை) அவர்கள், கூட்டாளிகளில் பெரும்பாலோர் ஒருவர் மீது ஒருவர் வரம்பு மீறுகிறார்கள்; ஈமான் கொண்டு நற்செயல் புரிபவர்களைத் தவிர; அவர்கள் குறைவானவர்களே என்ற கருத்தில் சொல்கிறார்கள் (38:23-24).

அங்கே திருட்டில்லை, அடிதடியில்லை. கேட்டார், பேச்சில் மடக்கினார், அவ்வளவுதான். அதையே அல்லாஹ்வின் வேதம் பக்யு என்கிறது. ஏழெட்டுத் தறி வைத்திருப்பவர், ஒற்றைத் தறிக்காரரின் டிசைனைப் பார்த்துவிட்டு அதையே குறைந்த விலைக்கு இறக்கி அவரைச் சந்தையிலிருந்து தூக்குவது, அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் கடை முழுக்கப் பெரியவருக்கு, பழைய பாக்கி முழுக்கச் சின்னவருக்கு என்று எழுதுவது எல்லாம் 99-க்கு மேல் இன்னொன்றைக் கேட்பதுதான்.

8. வீட்டுக்குள் நடக்கும் ஜவ்ரு

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவருடைய தந்தை ஓர் அன்பளிப்பைக் கொடுத்து, நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், அநீதிக்கு நான் சாட்சியாக மாட்டேன் என மறுத்துவிட்டார்கள் (புகாரி, முஸ்லிம்). பாசத்தில் கொடுத்ததுதான். ஆனாலும் சாய்ந்த தராசுக்கு நபியின் சாட்சி கிடைக்கவில்லை.

பெண் வீட்டாரிடம் இத்தனை பவுன், இன்ன விலையில் பட்டு, மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கும் பட்டு என்று பட்டியல் போடுபவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். அந்தச் சேலையை நெய்தவருக்குக் கூலி பாக்கி, வாங்கியவருக்குக் கடன் பாக்கி. வலீமாவில் அதைக் கட்டிக்கொண்டு நிற்பவருக்கு மட்டும் எந்தப் பாக்கியும் இல்லை என்று நினைக்கிறோமா?

வணக்கத்தில்கூட அளவு மீறுதல் உண்டு. அபுத்தர்தா (ரலி) இரவெல்லாம் நின்று வணங்கி மனைவியைக் கவனிக்காமல் இருந்தபோது, ஸல்மான் (ரலி) அவர்கள், இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமைகள் உண்டு, அவரவருக்கு உரியதைக் கொடுங்கள் என்று திருத்தினார்கள். நபி (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னது சரி என்றார்கள் (புகாரி).

நியாயமில்லாதவரிடம் எப்படி நடப்பது?

ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் தமக்குச் சேர வேண்டிய ஒட்டகத்தைக் கேட்டுக் கடுமையாகப் பேசினார். தோழர்கள் கோபப்பட்டார்கள். அவரை விட்டுவிடுங்கள், உரிமையுள்ளவருக்குப் பேசும் உரிமை உண்டு என்று தடுத்த நபியவர்கள், அவருடையதை விட உயர்ந்த ஒட்டகத்தை வாங்கிக் கொடுக்கச் செய்தார்கள் (புகாரி, முஸ்லிம்). அவர் பேசிய விதம் தவறு. கேட்ட விஷயம் சரி. விதத்தைக் காரணம் காட்டி விஷயத்தை மறுக்கவில்லை. பாக்கி கேட்டு வந்த தறிக்காரர் குரலை உயர்த்தினால், "மரியாதையாகப் பேசு, பிறகு பார்க்கலாம்" என்று கதவைச் சாத்துகிறோமே, இந்த ஸுன்னத்தை எங்கே வைத்தோம்?

அநியாயம் செய்பவர் நம் ஆளாக இருந்தால்? உன் சகோதரன் அநியாயம் செய்பவனாக இருந்தாலும் அநியாயம் செய்யப்பட்டவனாக இருந்தாலும் உதவு என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அநியாயம் செய்பவனுக்கு எப்படி உதவுவது என்று கேட்டபோது, அவனைத் தடுப்பதே உதவி என்றார்கள் (புகாரி). சொந்தக்காரர், ஜமாஅத்துக்காரர் என்று வாயை மூடிக்கொள்வது அவருக்கு உதவி அல்ல.

முறுக்கிய நூலைப் பிரிக்க வேண்டாம்

அன்பானவர்களே! வெள்ளிக்கிழமை ஆயத்தை இமாம் 90-வது வசனத்தோடு முடித்துவிடுகிறார். இரண்டு வசனம் தாண்டிப் பாருங்கள். 92-வது வசனத்தில் அல்லாஹ் ஓர் உவமை சொல்கிறான். நூலை உறுதியாக முறுக்கி நூற்ற பிறகு அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்ட பெண்ணைப் போல் ஆகிவிட வேண்டாம் என்கிறான். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைவிடப் பலமாக இருக்கிறது என்பதற்காகச் செய்த சத்தியத்தை முறிப்பவர்களுக்கான உவமை இது.

நூலைத் தொட்டு வாழும் ஊருக்கு இந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. முறுக்கு விட்ட நூல் பாவுக்கும் ஆகாது, ஊடைக்கும் ஆகாது. தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் என்று ஆயுள் முழுக்க முறுக்கிய நூலை, ஒருவருடைய கூலியைப் பிடித்துவைத்துப் பிரித்துவிட முடியும். மலையளவு வணக்கத்தோடு வந்து, ஏசியதற்கும் அடித்ததற்கும் பொருளை விழுங்கியதற்கும் ஈடாக நன்மைகளையெல்லாம் கொடுத்துவிட்டு, கடைசியில் அடுத்தவர்களின் பாவங்களையும் சுமந்து நரகம் போகிறவரைத்தான் உண்மையான திவாலானவர் என்று நபி (ஸல்) அவர்கள் காட்டினார்கள் (முஸ்லிம்).

எனவே இன்று தொழுகை முடிந்து போகும்போது சில காரியங்களை மனதில் வையுங்கள்.

பாவு தறிக்கு ஏறுவதற்கு முன்பே கூலி எவ்வளவு, எப்போது, எந்தக் குறைக்கு எவ்வளவு பிடிப்பு என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். கூலி இன்னது என்று தெரிந்திருப்பது ஷரீஅத்தில் ஒப்பந்தத்தின் நிபந்தனை.

கொடுக்க வேண்டிய பாக்கி ஏதாவது இருந்து, கையில் பணமும் இருந்தால், அஸருக்கு முன் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நேரில் போய்த் தேதி சொல்லுங்கள். ஆள் வரும்போது வீட்டில் இல்லை என்று பிள்ளையை விட்டுச் சொல்ல வைக்காதீர்கள்.

முன்பணத்தைக் காரணம் காட்டிக் கூலியைக் குறைத்திருந்தால் அதைத் திருத்துங்கள். கடன் கடனாக இருக்கட்டும், கூலி கூலியாக இருக்கட்டும்.

தறியில் இருப்பவரே! கையில் இருக்கும் நூலும் சரிகையும் அமானிதம். உங்கள் மேல் நடந்த அநியாயம், நீங்கள் செய்யும் அநியாயத்துக்கு ஃபத்வா ஆகாது.

பட்டு வாங்கும் தாய்மார்களே, சகோதரர்களே! பேரம் பேசுங்கள், கூடாது என்று யாரும் சொல்லவில்லை. விற்கும்போதும் வாங்கும்போதும் கேட்கும்போதும் பெருந்தன்மையாக இருப்பவருக்கு அல்லாஹ்வின் ரஹ்மத்தைக் கேட்டு நபி (ஸல்) அவர்கள் துஆ செய்திருக்கிறார்கள் (புகாரி). அந்த துஆவில் ஒரு பங்கு நமக்குக் கிடைக்கும்படி பேரம் பேசுவோம்.

யா அல்லாஹ்! நாங்கள் தெரிந்து செய்த அநியாயத்தையும் தெரியாமல் செய்த அநியாயத்தையும் மன்னிப்பாயாக! யாருடைய உரிமை எங்கள் கையில் தங்கியிருக்கிறதோ, மௌத்துக்கு முன் அதை அவரிடம் சேர்க்கும் தவ்ஃபீக்கைத் தருவாயாக! எங்கள் ஊரின் தறிகளிலும் கடைகளிலும் அடுப்புகளிலும் பரக்கத் செய்வாயாக! அநியாயம் செய்பவர்களாகவும் எங்களை ஆக்கிவிடாதே, அநியாயத்துக்கு ஆளாகுபவர்களாகவும் ஆக்கிவிடாதே!

ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!